அட்டை சிவந்தது

எஞ்சின் நின்றவுடன் போட்டில் இருந்த எல்லாரும் கிளீட்டஸின் வலது தோளைத்தான் பார்த்தார்கள். சட்டைத் துணியை மீறிச் சிவப்பு தெரிந்தது.

தோலில் ஒட்டிக்கிடக்கும் நகமளவு வில்லை அது. செய்த நிறுவனம் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. தூத்தூர்க் கரையில் எல்லாரும் அட்டை என்றார்கள். ஒட்டிக்கொண்டால் விடாது, உடம்பின் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குடித்துவிட்டு ஓட்டிய ஸ்ராங்கு ஒருவன் கப்பலுக்குக் குறுக்கே போய் ஒரு போட்டு ஆட்களை மொத்தமாகக் கொன்ற பிறகு வந்த சட்டம். போட்டை ஓட்டும் ஸ்ராங்கு ஒவ்வொருவனும் அதை ஒட்டிக்கொண்டாக வேண்டும். குடித்த பின் ஊதச் சொல்லிப் பிடித்து என்ன லாபம், குடிக்கத் தோன்றும்போதே பிடிக்க வேண்டும் என்றார்கள் காப்பீட்டுக்காரர்கள். ஆசை ஒரு அளவைத் தாண்டினால் அட்டை சிவக்கும். அட்டை சிவந்தால் எஞ்சின் நிற்கும்.

"குடிச்சியளா அத்தான்?"

கேட்டவன் ராபின்சன், கிளீட்டஸின் மனைவி டெல்மாவுக்குத் தம்பி. வலை இழுக்க வந்தவன்தான். ஆனால் அக்கா அவனை எதற்காக இந்தப் போட்டில் ஏற்றிவிட்டாள் என்பது சமையல்காரன் வரை தெரியும்.

"இல்ல."

"பின்ன இது என்ன?"

"எனக்குத் தெரியாதுலே."

"ஊதுங்க."

கிளீட்டஸ் மைத்துனன் முகத்துக்கு நேராக ஊதினான். ராபின்சன் மூக்கைச் சுளித்தான்.

"நாறுது."

"பட்டினி நாத்தம். பிராந்தி நாத்தம் வேற, இது வேற. உனக்குத் தெரியலேன்னா ஆரு வேணும்னாலும் வந்து மோந்து பாருங்க."

யாரும் வரவில்லை. ராபின்சன் கீழே இறங்கி, கிளீட்டஸ் படுக்கும் பலகையைப் புரட்டினான். பாயை உதறினான். தண்ணீர்க் குடுவையைத் திறந்து மோந்தான். ஒன்றும் கிடைக்காமல் மேலே வந்தபோது, கிடைத்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும் என்பது போல் இருந்தது அவன் முகம்.

கொச்சிக்கு மேற்கே, கரை எட்டாத கடல். குருத்தோலை ஞாயிறுக்குள் தேங்காப்பட்டணம் சேர்ந்துவிடலாம் என்று எஞ்சினை முழு வேகத்தில் விட்டிருந்தார்கள். இப்போது போட்டு குறுக்குவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டிக்கொண்டு ஆடியது. மேற்கில் மழை கட்டியிருந்தது. கப்பல்கள் போகும் பாதையின் நடுவில் நின்றிருந்தார்கள்.

வலை இழுக்கும் சகாயம், எஞ்சினைப் பூட்டுகிற ஒயரை அறுத்துவிடலாமா என்றான். அறுத்தால் எஞ்சினின் மூளை செத்துவிடும், துறைமுகத்துக்குக் கொண்டுபோய்த்தான் உயிர் கொடுக்க முடியும் என்றான் கிளீட்டஸ். பிறகு சாட்டிலைட் போனை எடுத்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியைப் போட்டான். மறைக்கிறான் என்ற பேச்சு வேண்டாம்.

"நாகர்கோவில் கண்காணிப்பு அறையிலேர்ந்து பகவதி பேசுதேன். சொல்லுங்கண்ணே, உங்க போட்டு சிவப்புல கெடக்கு."

"அதைத் தொறந்து விடு மக்ளே."

"என்னால முடியாது. ஆளு சொல்லித் தொறக்கலாம்னா, மொதலாளிமாரு எல்லாரும் போன் போட்டே தொறந்துக்கிடுவாங்கன்னு அப்பிடிப் பண்ணி வச்சிருக்கு. அட்டை பச்சைக்கு வந்தா எஞ்சின் தானா தொறக்கும்."

"நான் குடிக்கல."

"குடிச்சதா அது சொல்லலையே. குடிக்கப் போறீங்கன்னு சொல்லுது."

"ஜோசியம் பாக்குதோ?" என்றான் பின்னாலிருந்து எவனோ. 

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். இப்போ உங்களுக்குக் குடிக்கணும்னு இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

"இருக்கு," என்றான் கிளீட்டஸ்.

ராபின்சன் கடலைப் பார்த்துத் துப்பினான்.

அது பொய்யில்லை. சில நாட்களாகவே நாக்குக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தது. டீசல் வாடையில் பிராந்தி வாடை வந்தது. உறக்கத்தில் கை தானாகக் கிளாஸைத் தேடியது. நாலு வருஷமாகக் குடியை விட்டவன் அவன். வருஷத்தின் மற்ற மாதங்களில் சாராயக்கடை வாசலில் நின்று மணிக்கணக்கில் பேசிவிட்டு வருவான், ஒன்றும் தோன்றாது. ஆனால் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாள் போனால் போதும், பேய் பிடித்தது போல் வரும். முதல் வருஷம் பயந்துபோய்ப் பங்குச் சாமியாரிடம் சொன்னான். சோதனைக்காரனான சாத்தான் தவக்காலத்தில்தான் வருவான், நோன்பைக் கடுமையாக்கு என்றார் அவர். கிளீட்டஸ் கடுமையாக்கினான். டெல்மா அப்பன் வீட்டிலிருந்து பிள்ளைகளோடு திரும்பி வந்தபோது பீடத்துக்கு முன்னால் கேட்டு வாங்கிய சத்தியமும் அதுதான்: தவக்காலம் முழுக்க ஒருசந்தி. ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அதை முறித்தால் குடித்ததற்குச் சமம். இந்த வருஷம் சோதனை தாங்க முடியாமல் போனதால் அந்த ஒரு வேளையையும் கஞ்சித் தண்ணியாகக் குறைத்திருந்தான். அப்படியும் சோதனைக்காரன் போகவில்லை. அவன்தான் கொழுத்துக்கொண்டிருந்தான்.

"பதிவை எடுத்துப் பாத்துட்டுக் கூப்பிடுதேன்," என்று பகவதி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் முனையில் நின்ற சகாயம் கத்தினான்.

மழைத் திரைக்குள்ளிருந்து கப்பலின் மூக்கு வந்துகொண்டிருந்தது. வலது பக்கத்திலிருந்து, நேராக. அடுக்கிய பெட்டிகளோடு ஒரு தெருவே நகர்ந்து வருவது போல. கிளீட்டஸ் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். பதில் இல்லை. சகாயம் சிவப்புத் துணியைக் கம்பில் கட்டி வீசினான். கூரையில் இரண்டு பேர் ஏறிப் பாத்திரத்தைத் தட்டினார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் இந்தப் போட்டு மிதக்கிற தேங்காய் மட்டை.

"பெலார்மினை எழுப்புங்கலே!"

பெலார்மின் இரண்டாவது ஸ்ராங்கு. வயதில் மூத்தவன். இரவு முழுக்க ஓட்டிவிட்டு முறை மாற்றி உறங்கப் போயிருந்தவனை அதுவரை யாரும் எழுப்பவில்லை. ஸ்டியரிங்கில் உள்ளங்கை படும் இடத்தில் ஒரு தகடு உண்டு. யார் கை அதில் இருக்கிறதோ அவனுடைய அட்டையைத்தான் எஞ்சின் கேட்கும். பெலார்மினின் அட்டை சிவந்ததாகச் சரித்திரமே இல்லை. துறைமுகத்து வாசலில் அவன் படத்தைப் பெரிதாக வைத்து, கீழே முன்மாதிரி ஸ்ராங்கு என்று எழுதியிருந்தார்கள்.

ராபின்சன் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். பெலார்மின் கன்னத்தில் வெற்றிலை அடைத்திருந்தது.

"என்னடே, கூப்பாடு போடுதிய."

"கப்பல் வருதுண்ணே. கையை வைங்க, கையை வைங்க."

பெலார்மின் கையை வைத்தான். தகட்டுக்கு மேலே பச்சை எரிந்தது. எஞ்சின் உறுமியது. கூரையில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள்.

கிளீட்டஸ் ஒதுங்கி நின்றான். வலது பக்கத்திலிருந்து வருகிற கப்பலுக்கு வலத்தே ஒடித்து அதன் வால்பக்கமாகப் போக வேண்டும். கடலுக்கு வந்த முதல் வருஷத்திலேயே தெரிகிற கணக்கு. பெலார்மின் நேராக விட்டான். கப்பலின் மூக்குக்குக் குறுக்கே.

"வலத்தே ஒடியும் ஓய்!"

"சும்மா கெட. முந்திரலாம்."

"முந்த முடியாது. ஒடியும்!"

"முந்திரலாம்டே, நம்ம எஞ்சினுக்கு..." என்று பெலார்மின் கியரைத் தேடினான். கை காற்றில் துழாவியது. இரண்டாவது முறையும் கியருக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழுந்தது.

கிளீட்டஸ் நெருங்கினான். வெற்றிலைக்கும் ஏலக்காய்க்கும் அடியில் பிராந்தி.

இழுத்துத் தள்ளினால் தகட்டிலிருந்து கை போகும், எஞ்சின் நிற்கும். கிளீட்டஸ் பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்தான். இடது கையால் பெலார்மினின் உள்ளங்கையைத் தகட்டோடு சேர்த்து நசுக்கினான். வலது கையால் ஸ்டியரிங்கை ஒடித்தான். பெலார்மின் திமிறினான். "விடுலே! விடு! கை ஒடியுது!" ராபின்சன் என்ன நடக்கிறது என்று புரியாமல் கிளீட்டஸின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"குடிச்சிருக்கான்லே! காலைப் பிடி!"

"ஆரு? அட்டை பச்சையில்லா கெடக்கு!"

"மோந்து பாருலே, நாயே!"

ராபின்சன் மோந்தான். பிறகு பெலார்மினின் கால்களைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

கிளீட்டஸின் முகம் பெலார்மினின் கழுத்தில் பதிந்திருந்தது. அந்த மனிதனின் வேர்வையிலேயே பிராந்தி இருந்தது. வாய் முழுக்க எச்சில் ஊறி மோவாயில் வழிந்தது. கப்பலின் மூக்கு மேலே மேலே உயர்ந்து வானத்தை மறைத்தது. அந்த நேரத்தில் கிளீட்டஸ் கப்பலை நினைக்கவில்லை. இந்தக் கழுத்தை நக்கினால் என்ன என்றுதான் நினைத்தான். கை மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தது. போட்டு திரும்பியது. இரும்புச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் உராய்வது போலப் போனது. அதன் அலை போட்டைத் தூக்கிப் போட்டது. பாத்திரங்களும் ஐஸ் பெட்டியும் தளத்தின் மறுபக்கத்துக்கு உருண்டன, கூடவே ஒரு ஆளும். கப்பல் போய்விட்டது. இப்படி ஒரு போட்டு இருந்தது என்று அதற்குத் தெரியவே தெரியாது.

முதலில் பெலார்மினை அறைந்தவன் சகாயம். பிறகு ஆளுக்கொன்று விழுந்தது. கிளீட்டஸ்தான் தடுத்தான்.

"எப்பிடி ஓய்?" என்று கேட்டான். "அட்டை எப்பிடிப் பச்சையா நிக்கி?"

பெலார்மின் உதட்டு ரத்தத்தை வெற்றிலைச் சாறோடு துப்பினான். சிரித்தான்.

"அது தேடுதது ஆசைய. நான் ஆசைய வளர விட்டாத்தான? எழும்பினதும் ஒரு மடக்கு. அப்பறம் அப்பப்ப ஒரு மடக்கு. கேக்கதுக்கு முன்னாலயே ஊத்தீட்டா ஒடம்பு எதுக்குக் கேக்கும்? வயித்த நெறச்சவன் சோறு தேடுவானா? நீங்கள்லாம் விட்டுட்டுக் கெடந்து ஏங்குதிய. சிவக்காம என்ன செய்யும்?"

"எங்க வச்சிருக்க?"

பெலார்மின் கையைக் காட்டினான். அவன் படுக்கைக்கு மேலே ஆணியில் ஒரு பிளாஸ்டிக் குப்பி தொங்கியது. மாதா உருவத்தில் வார்த்தது, நீலக் கிரீடம்தான் மூடி. திருவிழாவில் தீர்த்தம் பிடித்துவரும் குப்பி. ஏறும்போதும் இறங்கும்போதும் அவர்கள் எல்லாரும் அதைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அடி விழுந்தபோதே பெலார்மின் கை தகட்டை விட்டிருந்தது, எஞ்சின் நின்றிருந்தது. போட்டு மறுபடி ஆடத் தொடங்கியது. மழை வந்துவிட்டது.

இவன் கையை இழுத்துத் தகட்டில் கட்டிவிட்டுக் கிளீட்டஸ் ஓட்டட்டும் என்றான் ஒருவன். போதை இறங்கினால் இவனும் சிவப்பான், கரை வரைக்கும் ஊற்றிக்கொண்டே வர வேண்டும், அத்தனை சரக்கு குப்பியில் இல்லை என்றான் இன்னொருவன்.  பிறகு சகாயம் குப்பியை எடுத்துக்கொண்டு கிளீட்டஸிடம் வந்தான். அவன் கண்கள் தாழ்ந்திருந்தன.

"அண்ணே. ஒரு மடக்குதான. மருந்துன்னு நெனச்சுக் குடிங்க. உங்களுக்குப் பச்சையாயிரும்லா. வீட்டுல பிள்ளைய இருக்கு. அடுத்த கப்பல் வாறதுக்குள்ள போயிரலாம்ணே."

 மற்றவர்கள் எல்லார் பார்வையும் அதையே சொன்னது. கொஞ்ச நேரத்துக்கு முன் குடித்தாயா என்று பார்த்த அதே கண்கள்.

"குடிச்சா அக்கா மறுபடி அப்பன் வீட்டுக்குப் போயிருவா," என்றான் ராபின்சன். அதிலும் வலுவில்லை. அவனும் அடிவானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளீட்டஸ் குப்பியை வாங்கினான். கிரீடத்தைத் திருகினான். வாடை மேலே வந்தது. ஒரு மடக்கோடு நிற்கிற ஆள் அவன் இல்லை. அது அவனுக்குத் தெரியும். எட்டுப் பேர் உயிருக்காகக் குடித்தேன் என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம் என்பதும் தெரிந்தது. இதைவிட நல்ல காரணம் இனி ஒருபோதும் கிடைக்காது. குப்பியை உதட்டருகே கொண்டுபோனபோது போன் அடித்தது.

"அண்ணே, பகவதி. பதிவைப் பாத்தேன். நாலு வருஷமும் பாத்தேன். வருஷத்துல ஒரு தடவ ஏறுது, ஒரு மாசம் நின்னு எறங்குது. ஆனா தேதி ஒவ்வொரு வருஷமும் மாறுது, அதான் எங்க கம்ப்யூட்டர் இதைக் கண்டுபிடிக்கல. அந்த மாசம் நீங்க என்ன பண்ணுதீங்க?"

"தவக்காலம். ஒருசந்தி இருப்பேன்."

"அப்பிடின்னா?"

"நோன்பு மக்ளே. ஒரு வேளைதான் சாப்பாடு. இப்ப அதுவும் இல்ல."



"யாருமே எங்கிட்டச் சொல்லலியே," என்றாள் பகவதி. "அண்ணே, வயிறு காலியானா ஒரு சுரப்பு ஊறும். அது மூளைக்குப் போயி, சாப்பிடு சாப்பிடுன்னு கதவைத் தட்டும். சில பேருக்கு அதே கதவுக்குப் பின்னாலதான் குடியும் நிக்கும். எதைக் கூப்பிடுதாங்கன்னு தெரியாம ரெண்டும் எந்திரிச்சி வரும். எல்லாருக்கும் அப்பிடி இல்ல. உங்க பக்கத்துல நிக்கவரு நோன்பிருந்தா அவருக்கு வெறும் பசிதான். உங்க ஒடம்பு வேற. நீங்க பட்டினி கெடக்கக் கெடக்கக் குடி ஆசை ஏறும். அட்டையைச் சோதிச்சதெல்லாம் ஆஸ்பத்திரியில வச்சு, மூணு வேளையும் சாப்பாடு போட்டு. பட்டினி கெடக்கவன் ஒருத்தன் வருவான்னு ஆரும் நெனக்கல."

"அப்ப இது..." என்றான் கிளீட்டஸ்.

"பசிண்ணே. சாப்பிடுங்க. நல்லா சாப்பிடுங்க. ஒரு மணி நேரம் பாப்போம்."

கிளீட்டஸ் குப்பியைச் சகாயத்தின் கையில் கொடுத்தான். சமையல்காரனிடம் சோறு கேட்டான்.

"அத்தான்," என்றான் ராபின்சன். "ஒருசந்தி. அக்காகிட்ட பீடத்துல நின்னு சொன்னது."

"தெரியும்."

குத்தரிசிச் சோறும் சூரைக் குழம்பும் வந்தன. மழையில் நனைந்தபடி எல்லாரும் சுற்றி நிற்க, கிளீட்டஸ் தின்றான். முதல் உருண்டையைத் தண்ணீர் குடித்து இறக்கினான். பிறகு இரண்டு கையாலும் அள்ளினான். முள்ளோடு மென்றான். ராபின்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணுக்கு அத்தான் குடிக்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசமில்லை.

அரை மணி நேரத்தில் நாக்குக்கு அடியில் ஊறியது வற்றத் தொடங்கியது. சகாயத்தின் மடியில் இருந்த குப்பி வெறும் குப்பியாகத் தெரிந்தது. கிளீட்டஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நாலு தவக்காலம். முழங்காலில் விழுந்து அழுதது, சுவரில் தலையை மோதியது, உறங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நடுங்கியது எல்லாம் எவனோ சோதனைக்காரனோடு நடந்த யுத்தம் என்று நினைத்திருந்தான். ஒரு தட்டுச் சோறு.

வெளிச்சம் மங்குவதற்கு முன் தோளில் பச்சை எரிந்தது. கை வைத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெலார்மினை ஐஸ் அறைக் கதவோடு கட்டிப்போட்டிருந்தார்கள். அவன் எதையும் பொருட்படுத்தாமல் உறங்கினான். குப்பியில் மீதி இருந்ததைக் கடலில் கொட்டிவிட்டதாகச் சகாயம் சொன்னான். ஆனால் கொட்டியதை யாரும் பார்க்கவில்லை.

ராபின்சன் போனை எடுத்துக்கொண்டு பின்புறம் போய் வெகுநேரம் பேசினான். திரும்பி வந்து போனைக் கிளீட்டஸிடம் நீட்டினான். "அக்கா."

"தம்பி எல்லாம் சொன்னான்," என்றாள் டெல்மா. "ஒருசந்திய முறிச்சிட்டியளாமே."

"ஆமா. அது பெரிய கதை. அந்தப் பிள்ளை பகவதி சொன்னா, பட்டினி கெடந்தா எனக்கு..."

"குப்பிய வாயில வச்சியளா?"

"வாய்க்குக் கிட்ட கொண்டு போனேன். குடிக்கல."

"குடிக்கல."

"இல்ல டெல்மா. சத்தியமா இல்ல. அட்டை பச்சையா நிக்கி, தம்பிகிட்டக் கேளு."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள்.

"பெலார்மின் அண்ணனுக்கும் பச்சைதானாமே," என்றாள்.

கிளீட்டஸ் தன் தோளில் எரியும் பச்சையைப் பார்த்தான்.

"நீங்க செவப்பாவே வந்திருந்தா, குடிக்காம ஏங்கிக் கெடக்கியன்னு நம்பியிருப்பேன்," என்றாள் டெல்மா. "வேற போட்டு வந்து கட்டி இழுத்துட்டு வந்திருந்தாலும் சரி. செவப்பா வந்து எறங்குங்க, நான் பிள்ளையளோட துறையில வந்து நிக்கேன்." வைத்துவிட்டாள்.

மழை விட்டிருந்தது. கரைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இப்போதிலிருந்து ஒன்றும் தின்னாமல் இருந்தால், கரை தெரிகிற நேரத்துக்குச் சரியாகச் சிவப்பு வந்துவிடும். துறைமுகத்துக்குக் கொஞ்சம் வெளியே எஞ்சின் நிற்கும். அங்கே கப்பல் வராது, ஆபத்து ஒன்றுமில்லை. யாராவது வந்து இழுத்துப் போவார்கள். டெல்மா படித்துறையில் நின்று அவன் தோளைப் பார்ப்பாள், நம்புவாள். அந்த இரண்டு நாளும் நாக்குக்கு அடியில் ஊறும். சகாயத்திடம் சரக்கு மீதி இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது.

சமையல்காரன் இரவுச் சாப்பாட்டை எடுத்து வந்து ஸ்டியரிங் அருகே வைத்தான். ராபின்சன் வாசலில் சாய்ந்து நின்று, அத்தான் என்ன செய்கிறான் என்று பார்த்தான்.

கிளீட்டஸ் ஒரு கையைத் தகட்டிலிருந்து எடுக்காமல் மற்றக் கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"நின்னு என்னலே பாக்க," என்றான். "இன்னும் ரெண்டு அகப்பை சோறு போடச் சொல்லு."